நாலு மணிப் பொத்தான்

தானே எழுதி மாட்டிய எச்சரிக்கைப் பலகையில் தானே போய் முட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. அந்தக் கூட்டத்தில் முதல் ஆளாகச் சின்னவளைத்தான் நிறுத்த வேண்டும்.

அவள் வேலை பார்த்த அலுவலகத்தில், கணினித் திரைகளைச் செய்ய உதவும் கருவி ஒன்றைத் தயாரித்தார்கள். வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் டிக்கெட் கொடுக்கிற இடத்திலும் பொத்தான் பொத்தானாக அமுக்குகிறோமே, அந்த மாதிரித் திரைகள். ஒவ்வொரு பொத்தானுக்கும் கையால் நிரல் எழுத உட்கார்ந்தால் ஆயுசு போதாது. அதனால் எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும், அதன்மேல் என்ன எழுத்து, அமுக்கினால் என்ன நடக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் கொடுத்தால், மீதி நிரல் முழுவதையும் தானே எழுதித் தள்ளுகிற ஜெனரேட்டர் ஒன்றைச் சின்னவள் செய்திருந்தாள். “ஜெனரேட்டர்னா கரண்ட் போனா தடதடன்னு ஓடுமே, அதுவா?” என்று அவள் அண்ணி ஒருமுறை கேட்டாள். அதன்பிறகு அந்த வீட்டில் சின்னவளுக்கு ‘கரண்ட் ஆபீஸ்’ என்றும் ஒரு பெயர் ஓடியது.

அந்த ஜெனரேட்டர் எழுதும் ஒவ்வொரு ஃபைலின் தலையிலும் மூன்று வாக்கியங்கள் இருக்கும். ‘இது ஜெனரேட்டர் எழுதியது. இதில் கை வைக்காதீர்கள். வைத்தால் அடுத்தமுறை உருவாக்கும்போது அழிந்துபோகும்.’ எழுதியவள் சின்னவள். காரணம் எளிது. பட்டியலை மாற்றிவிட்டு ஜெனரேட்டரை மறுபடி ஓட்டினால், அது பழைய ஃபைலை மொத்தமாகத் துடைத்துவிட்டுப் புதிதாக எழுதும். நடுவில் யாராவது கையால் சேர்த்திருந்தால் அது போன இடம் தெரியாது. அப்படிச் சேர்த்துவிட்டு, “நேத்து இருந்துச்சு, இன்னைக்குக் காணோம்” என்று வந்து நின்றவர்களை அவள் சும்மா விட்டதில்லை. “தலையில எழுதியிருக்கே, படிக்கத் தெரியாதா?” என்று ஆரம்பித்தால் அரை மணி நேரம் வாங்கு வாங்கென்று வாங்குவாள்.

அவளோடு சரிக்குச் சரி நிற்கிற ஒரே ஆள் தணிக்கை. யார் எழுதியதையும் வரி விடாமல் பார்த்துக் குறை சொல்வதால் அவருக்கு அந்தப் பெயர். பட்டியல் எழுதுவதற்கென்றே அவர்கள் ஒரு குட்டி மொழி வைத்திருந்தார்கள். அதில் எதை அனுமதிப்பது, எதைத் தவறென்று நிறுத்துவது என்பதெல்லாம் இவர்கள் இருவர் பொறுப்பு. மூன்று வருஷம் முன்னால் அவர்களுக்குள் ஒரு பெரிய சண்டை வந்தது. திரையில் பொத்தான் இருக்கிறது. அமுக்கினால் என்ன செய்வது என்று யாரும் எழுதவில்லை. அதை மொழி ஏற்றுக்கொள்ள வேண்டுமா, கூடாதா?

“கூடாது” என்றார் தணிக்கை. “வாசல்ல காலிங் பெல் பட்டன் இருக்கு, உள்ள மணியே இல்லைன்னா என்ன அர்த்தம்? வந்தவன் அமுக்கிட்டு நின்னுட்டே இருப்பான். பட்டன் வெச்சா யாரு பதில் சொல்றதுன்னு மொழியே கேக்கணும். சொல்ற வரைக்கும் ஒரு அடி நகரக் கூடாது.”

“பாதி கட்டின வீட்டுலயும் குடியிருக்கிறவங்க இருக்காங்க” என்றாள் சின்னவள். “இன்னைக்கு பட்டனை வைப்பாங்க, அடுத்த வாரம் வயர் இழுப்பாங்க. அதுவரைக்கும் அமுக்கினா அமுங்கிட்டுப் போகட்டும். யாரும் கேக்கலைன்னா குடி முழுகிடாது.”

வேலை மிச்சமாகும் என்பதால் எல்லோரும் அவள் பக்கம் சாய்ந்தார்கள். சின்னவள் ஜெயித்தாள். அன்றிலிருந்து, கேட்பார் இல்லாத பொத்தான் அமுங்கும், மேலே வரும். சத்தம் போடாது, தவறு என்று சொல்லாது.

அவளுக்கு ஒரே ஒரு அண்ணன். பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். அவனை வீட்டிலும் வெளியிலும் எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். மைக் முன்னால் எட்டு மணி நேரம் பேசிவிட்டு வந்தும் வாய் ஓயாத மனுஷன். சாப்பாட்டுத் தட்டு வரத் தாமதமானால், “பயணிகளின் கனிவான கவனத்திற்கு, சமையலறையிலிருந்து புறப்பட வேண்டிய தட்டு தவிர்க்க முடியாத காரணத்தால்…” என்று ஆரம்பித்துவிடுவான். அப்பா அம்மா போனபின் சின்னவளைப் படிக்கவைத்து ஆளாக்கியவன் அவன்தான். அதை அவன் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. வாய் ஓயாதவன் சொல்லாமல் விட்டது அது ஒன்றுதான்.

அந்த வாய்க்குத்தான் நோய் வந்தது. தசைகள் ஒவ்வொன்றாகச் செயலற்றுப்போகும் நோய். முதலில் கை, அப்புறம் கால், அப்புறம் நாக்கு. அறிவு மட்டும் கத்தி மாதிரி அப்படியே இருக்கும். டாக்டர் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிட்டார்.

பேச்சு குழறத் தொடங்கியதுமே சின்னவள் ஒரு மைக்கும் மடிக்கணினியும் தூக்கிக்கொண்டு வந்து அண்ணன் முன்னால் உட்கார்ந்தாள். அன்றாடம் தேவைப்படும் அறுபது வாக்கியங்களை அவன் குரலிலேயே பதிவு செய்தாள். ‘தண்ணி வேணும்.’ ‘திருப்பிப் படுக்க வை.’ ‘டிவியை நிறுத்து.’ ‘சும்மா அளக்காதே’ என்ற ஒன்றை அவனே கேட்டுச் சேர்த்தான். “இது இல்லாம உன்கிட்ட எப்படிப் பேசறது?”

‘பரவாயில்லை’ என்பதை மட்டும் மூன்றுமுறை சொல்லியும் அவளுக்குத் திருப்தி இல்லை. பேருந்து தாமதத்தை அறிவிப்பது போலவே இருந்தது. நாலாவது தடவைக்காக எட்டி மைக்கைச் சரிசெய்தபோது முழங்கை பட்டுத் தண்ணீர் டம்ளர் கவிழ்ந்து அண்ணன் சட்டையெல்லாம் நனைந்துவிட்டது. அவள் பதறிப்போய்த் துண்டைத் தேடினாள். அண்ணன் பாதிச் சிரிப்போடு, “பரவாயில்லை” என்றான். மைக் ஓடிக்கொண்டிருந்தது. அதையே வைத்துக்கொண்டாள். கடைசியில் ஒரு சின்னச் சிரிப்பு ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஏழெட்டு மாதத்தில் இடது கால் பெருவிரல் ஒன்றுதான் அவன் சொன்னபடி கேட்டது. அதன் அடியில் ஒரு சுவிட்ச். கட்டிலுக்கு எதிரே திரை. திரையில் வரிசை வரிசையாகப் பொத்தான்கள். ஒரு மஞ்சள் வெளிச்சம் பொத்தான் விட்டுப் பொத்தான் நகர்ந்துகொண்டே இருக்கும். வேண்டிய பொத்தானுக்கு வெளிச்சம் வரும்போது விரலை அழுத்தினால் அந்த வாக்கியம் அவன் குரலில் ஒலிக்கும். ஓரத்தில் எழுத்துகளும் உண்டு. ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினால் ஒரு சொல்லுக்கு மூன்று நிமிஷம் ஆகும். இந்தத் திரை முழுவதும் சின்னவளின் ஜெனரேட்டர் எழுதியது. எல்லாப் பொத்தானும் செய்வது ஒரே வேலை, குரலை ஒலிப்பது. அதனால் பட்டியல் கொடுத்தாள், அது எழுதிவிட்டது.

ஒரு பொத்தான் மட்டும் வேறு. ஒருநாள் அண்ணன் எழுத்துக் கூட்டிக் கேட்டான்: ‘உன்னை எப்படிக் கூப்பிடறது?’

சின்னவள் நகரத்தின் மறுகோடியில், அலுவலகத்துக்குப் பக்கத்தில் தனியறையில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைதான் வர முடியும். கட்டிலோரத்தில் உட்கார்ந்தபடியே, ‘சின்னவ’ என்று ஒரு பொத்தான் சேர்த்தாள். அமுக்கினால் குரல் வராது. அவள் போனுக்கு ‘ரேடியோ அழைக்கிறது’ என்று செய்தி போகும். அவள் அண்ணிக்கு போன் செய்வாள், அண்ணி அதை ஸ்பீக்கரில் போட்டு அண்ணன் காதருகே வைப்பாள். பகலில் அவன் எப்போது தூங்குவான் என்று தெரியாததால், அவன் கூப்பிடாமல் அவளாக அடிக்கக் கூடாது என்பது அண்ணி போட்ட கட்டளை.

செய்தி அனுப்பும் வேலை ஜெனரேட்டருக்குத் தெரியாது. அதற்குக் கற்றுக்கொடுக்க ஒரு முழுநாள் வேண்டும். அண்ணன் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான். சின்னவள் ஜெனரேட்டர் எழுதிய ஃபைலைத் திறந்தாள். தலையில் அவளே எழுதிய மூன்று வாக்கியங்கள். அதற்குக் கீழே, கையால், எட்டு வரி எழுதினாள். அடுத்த வாரம் ஒழுங்காகச் செய்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள். அந்த அடுத்த வாரம் யாருக்குத்தான் வந்திருக்கிறது.

அண்ணன் அமுக்கினான். அவள் கைப்பைக்குள் போன் அடித்தது. பெருவிரல் மட்டும் நடுங்கிச் சிரித்தது.

அதற்குப் பிறகு நாலரை மாதம், வேலை நாட்களில் நாலு மணி பத்து நிமிஷத்துக்கு, அவள் டீ குடிக்கப் போகிற நேரம் பார்த்து, ரேடியோ அழைத்தது. இவள் பேசுவாள், அவன் கேட்பான். பிறந்ததிலிருந்து நடந்ததற்கு நேர்மாறு. தணிக்கை யாரை என்ன சொன்னார், லிஃப்ட் எப்படி நடுவில் நின்றது என்றெல்லாம் கதை விடுவாள். அங்கிருந்து, ‘சும்மா அளக்காதே’ என்று அவன் குரல் வரும். பத்து நிமிஷம்தான். அந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான் அவன் நாளைத் தள்ளினான் என்று சொன்னால் மிகையில்லை. அவளும்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணி, “முதுகு வலிக்குதுன்னு சொல்ல பட்டன் இல்லம்மா, பாவம் ஒவ்வொரு எழுத்தா கூட்டறார். லைட்டை அணைன்னும் ஒண்ணு வெச்சிடேன்” என்றாள். பதிவான பழைய பேச்சிலிருந்து அந்தச் சொற்களை வெட்டி ஒட்ட முடிந்தது. சின்னவள் பட்டியலில் இரண்டு வரி சேர்த்தாள். ஜெனரேட்டரை ஓட்டினாள். புதுப் பொத்தான்கள் இரண்டையும் அமுக்கிப் பார்த்தாள். பேசின. “சாப்பாடு ஆறுது” என்று அண்ணி கூப்பிட்டாள். எழுந்து போய்விட்டாள்.

அந்த எட்டு வரி அங்கேயே அழிந்தது. ‘சின்னவ’ பொத்தான் பட்டியலில் இருந்ததால் திரையில் அப்படியே நின்றது. அமுக்கினால் அமுங்கும், மேலே வரும். பின்னால் கேட்க யாரும் இல்லை. மொழி அதைத் தவறென்று சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று வாதாடி ஜெயித்தவள்தானே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அதே ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பின் இன்னொன்றும் நடந்தது. அண்ணி கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்து, எலும்பும் தோலுமாக இருந்தாள். அதைப் பார்க்கப் பொறுக்காமல் சின்னவள் அண்ணனிடம், “கொஞ்ச நாள் பராமரிப்பு இல்லத்துல இருந்து பாக்கறியா அண்ணா? அண்ணி ஒரு மாசமாவது தூங்கட்டும்” என்றாள். அண்ணன் வெகுநேரம் எடுத்து எழுத்துக் கூட்டினான்: ‘வேண்டாம்.’ பிறகு வெளிச்சம் சும்மா சுற்றிக்கொண்டே இருந்தது. அவன் வேறு எதையும் அமுக்கவில்லை.

திங்கட்கிழமை போன் அடிக்கவில்லை. செவ்வாய்க்கிழமையும் அடிக்கவில்லை. சின்னவளுக்குப் பகீர் என்றது. பிறகு கோபம் வந்தது. வீட்டை விட்டு அனுப்பப் பார்க்கிறாள் என்று நினைத்துவிட்டான், அதனால் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டான் என்று முடிவு கட்டினாள். நானும் அவன் தங்கச்சிதானே, அவனாகக் கூப்பிடட்டும், எத்தனை நாளைக்கு என்று பார்க்கலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். போன் செய்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். ரோஷம் என்று ஒன்று அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் ஒரு பிடி அதிகம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்தாள். அண்ணன் பெருவிரல் அசைந்தது. ஐந்து நிமிஷம் ஆயிற்று. ‘வேலை அதிகமா?’

“ஆமாண்ணா. மூச்சு விட நேரமில்ல” என்றாள். உண்மைதான், புதுப் பதிப்பு வெளியாகிற மாதம் அது. மனசுக்குள், ஊரான் மாதிரி விசாரிக்கிறானே என்று வருத்தமாக இருந்தது. அவன் அமுக்கியதெல்லாம் அவளுக்குப் போய்ச் சேர்ந்தது, வேலை மும்முரத்தில் அவளால் பதில் சொல்ல முடியவில்லை என்று அவன் நம்பியிருந்தான். அதற்கு அவளே அத்தாட்சி கொடுத்துவிட்டாள். அண்ணி இதைப் பற்றி வாயெடுக்கப் போனபோதும், ‘அவளைக் கேக்காதே. வேலை’ என்று எழுத்துக் கூட்டித் தடுத்துவிட்டான். இது சின்னவளுக்குத் தெரியாது.

மூன்றாவது வாரம் அண்ணி வேறு ஒரு புகார் சொன்னாள். “அந்த மிஷின் தானா பேசுதும்மா. நாலு மணி, நாலே கால் இருக்கும். நான் பின்பக்கம் இருப்பேன். ரூம்ல யாரும் இல்ல. திடீர்னு பரவாயில்லைங்குது. தினமும்.”

சின்னவள் சுவிட்சைக் கழற்றிப் பார்த்தாள். பழைய சுவிட்சுகள் துள்ளும். ஒருமுறை தொட்டால் இரண்டுமுறை தொட்டதாகக் காட்டும். தெரிந்த வியாதி, தெரிந்த மருந்து. சும்மா தொட்டால் கணக்கில் எடுக்காதபடி, ஒரு வினாடி முழுசாக அழுத்திப் பிடித்தால்தான் ஏற்கும்படி மாற்றினாள். “இனி தானா பேசாது அண்ணி.”

ஒரு வினாடி என்பது நமக்குக் கண் இமைக்கிற நேரம். அந்த விரலுக்கு அது மலையேறுகிற வேலை. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. கோபத்தில் இருக்கிறவன் என்ன சொல்வான் என்று அவளும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு அண்ணி, “இப்பவும் சொல்லுது. முன்னைக்கு இப்ப கொஞ்சம் லேட்டா சொல்லுது” என்றாள். “அடுத்த வாரம் பாக்கறேன்” என்றாள் சின்னவள். அதற்கு அடுத்த ஞாயிறு, “அந்த மிஷினை நோண்ட வேணாம். அது பாட்டுக்கு இருக்கட்டும்” என்றுவிட்டாள் அண்ணி. அதற்குப் பிறகு வந்த புதன்கிழமை காலையில், பல் தேய்த்துவிட அண்ணி போய்ப் பார்த்தபோது, அண்ணன் மூச்சு நின்றிருந்தது.

சின்னவள் அழுத அழுகையில் பாதி துக்கம், பாதி பயம். என்மேல் கோபத்தோடேயே போய்விட்டான் என்ற எண்ணம் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்துவிட்டது. சோறு இறங்கவில்லை. டீ நேரத்தில் எழுந்து போவதை நிறுத்திவிட்டாள்.

மூன்று வாரம் கழித்து அண்ணி அந்தக் கணினியை அவளிடம் கொடுத்தனுப்பினாள். அண்ணனைப் பார்த்த டாக்டரிடம் அதே நோயோடு இன்னொருவர் வந்திருந்தார். அவருக்கு ஆகும். ஒரு சனிக்கிழமை பகலில், அறை ஜன்னலோரம் வைத்து, அண்ணனுக்கென்று இருந்ததையெல்லாம் நீக்க உட்கார்ந்தாள் சின்னவள். லாக் ஃபைலும் நீக்க வேண்டியதில் ஒன்று. எந்தப் பொத்தான் எத்தனை மணிக்கு அமுங்கியது என்று வரிக்கு வரி குறித்துவைப்பது. ஜெனரேட்டர் தானாகச் சேர்க்கிற வரி அது, அதனால் அழியாமல் வேலை செய்திருந்தது.

அழிக்கப் போனவள் சும்மா ஒருமுறை திறந்து பார்த்தாள்.

அந்த முதல் திங்கட்கிழமை. 4:10, சின்னவ, கேட்பவர் இல்லை. 4:13, சின்னவ, கேட்பவர் இல்லை. 4:19, சின்னவ, கேட்பவர் இல்லை. 4:31, பரவாயில்லை.

செவ்வாய். 4:10, சின்னவ, கேட்பவர் இல்லை. 4:22, பரவாயில்லை.

புதன். வியாழன். வெள்ளி. ஐந்து வாரம், வேலை நாள் ஒன்று தவறாமல். கடைசி வாரத் திங்களும் செவ்வாயும் சேர்த்து இருபத்தேழு நாள். அமுக்கிவிட்டுப் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் காத்திருந்திருக்கிறான். அவள் கூப்பிடவில்லை. பிறகு, காலியான அறையில், அவளுக்குப் பரவாயில்லை என்று சொல்லியிருக்கிறான்.

சுவிட்சை அவள் சரிசெய்த நாளுக்குப் பின் நடுவில் வேறு வரிகளும் இருந்தன. ‘குறைந்த நேர அழுத்தம், தள்ளப்பட்டது.’ ஒரு சின்னவ விழுவதற்கு முன் ஒன்பது, பதினொன்று, பதினாலு தள்ளப்பட்டவை. கடைசிச் செவ்வாய்க்கிழமை இருபத்துமூன்று. இருபத்துமூன்று தடவை விரல் முயன்று தோற்றிருக்கிறது. இருபத்துநாலாவதில் அவள் பெயரை அமுக்கிவிட்டான். அதன்பின் பரவாயில்லைக்குப் பதினேழு.

நிரல் ஃபைலைத் திறந்தாள். தலையில் அதே மூன்று வாக்கியங்கள். கீழே எட்டு வரி இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. அவள் தலையைக் கையில் பிடித்துக்கொண்டு ஜன்னல் கம்பியில் சாய்ந்தாள். ‘கோபம் இல்லண்ணா உனக்கு, கோபமே இல்ல’ என்று வாய்விட்டுச் சொன்னாள். ஆறுதலாக இருக்க வேண்டிய விஷயம்தான் அது. அவன் கோபித்துக்கொண்டு செத்திருந்தால்கூட இத்தனை வலித்திருக்காது.

திங்கட்கிழமை அலுவலகத்தில் தணிக்கையின் மேசைக்குப் போய் நின்றாள்.

“அந்தப் பழைய விஷயம். கேக்க ஆள் இல்லாத பட்டனை மொழி ஏத்துக்கக் கூடாதுன்னு சொன்னீங்களே. மாத்திடலாம்.”

தணிக்கை கண்ணாடியைக் கழற்றினார். “இப்ப மாத்தினா ஏற்கெனவே செஞ்ச திரைங்க நூறு நிக்கும். எல்லாரும் உங்களைத்தான் திட்டுவாங்க.”

“திட்டட்டும்.”

“என்ன ஆச்சு மேடம்?”

“ஒருத்தர் அமுக்கிட்டு நின்னுட்டே இருந்தார்” என்றாள். நான்தான் அப்போதே சொன்னேனே என்று சொல்ல அந்த மனுஷனுக்கு முழு உரிமை இருந்தது. சொல்லவில்லை. இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, மாற்ற வேண்டிய இடங்களைத் தேட ஆரம்பித்தார்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை அண்ணி வீட்டுக்குப் போனாள். வழி முழுக்க ஒரே வாக்கியத்தை உருப்போட்டுக்கொண்டு போனாள். அண்ணி, அந்தப் பட்டன் வேலை செய்யல, தப்பு என்னோடது, அண்ணன் தினமும் என்னைக் கூப்பிட்டிருக்கான். அண்ணி திட்டட்டும், அடிக்கட்டும், வீட்டுக்கே வராதே என்று சொல்லட்டும். யாராவது ஒருத்தர் அவளைத் தண்டித்தால்தான் மூச்சு விட முடியும் போலிருந்தது.

கட்டில் மடித்துச் சுவரில் சாத்தப்பட்டிருந்தது. தரையில் அதன் நாலு கால் தடமும் இருந்தது. அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். சின்னவள், “அண்ணி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்” என்றாள்.

“நானும் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னே இருந்தேன்” என்றாள் அண்ணி. “அந்த மிஷின் தானா பேசுதுன்னு சொன்னேனே, ஞாபகம் இருக்கா? அது தானா பேசல.”

சின்னவள் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

“நாலு மணிக்கு அவரைத் திருப்பிப் படுக்க வெச்சுட்டு நான் பின்பக்கம் போயிடுவேன். முன்னே உன் போன் வரும், அந்த நேரம் போறது தெரியாது. அப்புறம் உனக்கு வேலை. துணி துவைக்கிற இடத்துல குழாயைத் திறந்து விட்டுட்டு உக்காந்து அழுவேன். தண்ணி சத்தத்துல கேக்காதுன்னு நெனச்சேன்.” அண்ணி மடித்த துணியை மறுபடி பிரித்து மடித்தாள். “அவருக்குக் கேட்டிருக்கு. நான் அழுது முடிக்கிற நேரம் பாத்துப் பரவாயில்லைன்னு சொல்லியிருக்கார். நீ சுவிட்சைச் சரி பண்ணப்புறமும் நிக்கலையே, அப்பதான் எனக்கு உறைச்சுது. அதுக்கப்புறம் அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்து கேட்டுட்டுதான் எந்திரிப்பேன். அவரைத் தூக்க, துடைக்கன்னு அடுத்த நாள் முழுக்க அதுதான் எனக்குத் தெம்பு. அத்தனை வருஷம் வாய் ஓயாமப் பேசினார். எனக்குன்னு பேசினது இதுதான்னு தோணுது.”

குழாய் எங்கோ சொட்டிக்கொண்டிருந்தது. உருப்போட்டு வந்த வாக்கியம் சின்னவள் தொண்டை வரை வந்தது. சொன்னால் அவள் நெஞ்சில் இருக்கிற கல் இறங்கும். ஆனால் அண்ணி கையில் மிஞ்சியிருப்பது அந்த ஒரு சொல். அதை எப்படிப் பிடுங்குவது? அது எனக்குச் சொன்னது என்று நேர இலக்கத்தோடு நிரூபிக்க அவளிடம் லாக் இருந்தது. விழுங்கிக்கொண்டாள்.

“என்னவோ சொல்லணும்னியே?” என்றாள் அண்ணி.

“ஒண்ணுமில்ல அண்ணி. அந்த கம்ப்யூட்டரை டாக்டர்கிட்ட குடுத்துடறேன்னு சொல்ல வந்தேன்.”

“குடு. அதுக்கு முன்னால அந்த ஒரு பட்டனை மட்டும் என் போன்ல வெச்சுத் தர முடியுமா?”

சின்னவள் மடிக்கணினியைத் தரையில் வைத்துத் திறந்தாள். பட்டியலில் ஒரே ஒரு வரி. ஒரு பொத்தான். அமுக்கினால் யார் கேட்பது என்ற இடத்தை வேண்டுமென்றே காலியாக விட்டு ஓட்டிப் பார்த்தாள். ‘இந்தப் பொத்தானுக்குப் பதில் சொல்பவர் யார்?’ என்று கேட்டு நின்றது மொழி. ஒரு அடி நகரவில்லை. அவளும் தணிக்கையும் நான்கு நாள் உட்கார்ந்து செய்த மாற்றம். அண்ணன் குரல் இருந்த ஃபைலின் பெயரை அந்த இடத்தில் எழுதினாள். இப்போது மொழி நகர்ந்தது.

போனை அண்ணியிடம் நீட்டினாள். அண்ணி வாங்கவில்லை.

“நீயே முதல்ல அமுத்திப் பாரு, சரியா வேலை செய்யுதான்னு.”

சின்னவள் கட்டைவிரலை வைத்தாள். ஒரு வினாடி முழுசாக அழுத்திப் பிடித்தாள்.

“பரவாயில்லை” என்றான் அண்ணன். கடைசியில் அந்தச் சின்னச் சிரிப்பு.

“சரியா இருக்கா?” என்றாள் அண்ணி.

“இருக்கு அண்ணி” என்றாள் சின்னவள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “இன்னொரு தடவை பாத்துட்டுக் குடுக்கறேன்.”